துவைத்த சேலை

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, எங்கள் வீட்டில் வெகுநாள் வேலை பார்த்த அம்மாள் தன் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். தெற்கே கரிசல்காட்டு ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். நடந்ததை என் மனைவியின் காதோடு சொன்னாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்றாள் என் மனைவி.

"ராத்திரியே போனோம்மா. போலீஸ் கடுதாசி இல்லாமத் தொடமாட்டோம்னுட்டாக. வீட்டுக்கு வந்து புள்ளைக்குத் தலைக்கு ஊத்தி, அந்தச் சேலையையும் கிணத்தடியில துவைச்சுப் போட்டேன். அதை எப்படிம்மா வச்சிருக்கிறது?"

அன்பினால் செய்த காரியம். சாட்சியமாகக்கூடியது கிணற்றுத் தண்ணீரோடு போயிற்று.

அது எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. ஆனால் போலீஸ் அனுப்பினால்தான் பார்ப்போம் என்று டாக்டர்கள் மறுப்பதை, கர்நாடக வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 2000ஆம் ஆண்டிலேயே கண்டித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாருடையதோ, இப்படி வருகிற பெண்ணுக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்; மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 2013இல் சட்டமே வந்தது. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டங்களிலும் அது இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மட்டும் அந்தச் சேதி அதுவரை வரவில்லை. படித்தவன் என்று பேர், எனக்கே தெரியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நாவல்களில் இப்படிப்பட்ட பெண் நேரே கிணற்றுக்குத்தான் போவாள். நானும் ஒருத்தியை அனுப்பியிருக்கிறேன். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதினார்கள். அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போக எனக்குத் தோன்றவேயில்லை.

கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பழைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. இப்போது ராஜாஜியின் பெயரில் இருக்கிறது. நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். இளவயது டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இதைச் செய்யட்டுமா? வேண்டாம்னா சொல்லுங்க" என்று கேட்டாளாம். முந்தின நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள் அவள்தான். பெண்ணை அவமானப்படுத்தும் அந்தப் பழைய விரல் பரிசோதனை நடக்கவில்லை. அதைத் தடை செய்யும்படி 2022 ஏப்ரலில் அரசுக்கு உத்தரவிட்டது நம் மதுரைக் கிளை ஹைகோர்ட்தான்.

கர்ப்பம் தங்காமலிருக்கவும், எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கவும் மாத்திரைகள் கொடுத்தார்கள். இவற்றை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடம்பில் கிடைக்கிற தடயமும் மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகும். பேரையூர்ப் பக்கமிருந்தோ மேலூர்க் கோடியிலிருந்தோ பஸ் மாறி மதுரைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை மணி போய்விடும்! பக்கத்து ஆஸ்பத்திரியின் கதவு திறந்திருந்தால் அந்தச் சேலை துவைக்கப்பட்டே இராது.

குளிப்பாட்டிவிட்டதைச் சொல்லி அத்தைக்காரி அழுதாள்.

"அதனால எல்லாம் போயிடலைம்மா. துவைச்ச துணியிலும் சில சமயம் தடயம் இருக்கும். எடுத்துட்டு வாங்க, போலீஸ்கிட்ட கொடுத்துடலாம். பிளாஸ்டிக் பையில மட்டும் வேண்டாம், காகிதத்துல சுத்துங்க" என்றாள் டாக்டர்.

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போனாள். சாயங்காலம் திரும்பியபோது கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். பெண் போலீஸ் அதைப் பிரித்துப் பார்த்தாள். பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலை மாதிரி, ஓரத்துக்கு ஓரம் சரியாக மடித்து வைத்திருந்தாள்.