முட்டை ஓடும் புளிப்பும்

நிரவி, காரைக்கால்
ஐப்பசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் வாழையடியெல்லாம் தண்ணீர். புரட்டாசி முடிந்ததும் முட்டை மறுபடி அடுப்படிக்குள் வந்துவிட்டது. உன் சித்தப்பா ஒரு மாதத்து ஆம்லேட்டை ஒரே வாரத்தில் ஈடுகட்டுகிறார்.

முட்டை ஓட்டை என்ன செய்வது என்று போனில் கேட்டாய். பிரான்சில் 2024 ஜனவரியிலிருந்து சமையலறைக் கழிவைத் தனியாகப் பிரிக்கவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு உனக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. நல்லதுதான். போனில் சொன்னால் பாதி சிக்னலில் போய்விடும், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கால்சியம் கார்பனேட். நம் கடற்கரையில் நீ சின்ன வயதில் பாவாடை நிறையப் பொறுக்கி வந்த கிளிஞ்சலும் அதேதான். அந்தக் காலத்தில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். பாரிஸ் தண்ணீரில் உன் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் இதுதான். அதை எப்படிப் போக்குகிறாய்? வினிகர் ஊற்றி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்: இந்தப் பொருள் வெறும் தண்ணீரில் கரையாது, புளிப்பைக் கண்டால்தான் இளகும். புளிப்பு இருக்கிற இடத்தில் ஓடு உதவும். இல்லாத இடத்தில் அது பொடிக்கல், அவ்வளவே.

நம் வீட்டில் ஓட்டுக்கு முதல் உரிமைக்காரி கோழி. அதன் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது, கல்லையும் அரைக்கிற அரைவைப்பை ஒன்றும் இருக்கிறது. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. அதை ஒரு நாளைக்குள் கட்டி முடிக்கவேண்டும். தீனியில் போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், பிறகு தோல்முட்டை இடும். ஓட்டைக் கழுவி வெயிலில் காயவைப்பேன். இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது, இரும்புச் சட்டியில் வறுத்துவிடுகிறேன். சால்மோனெல்லா என்கிற கிருமி ஓட்டில் ஒட்டியிருக்கலாம், அதை அழிக்கவும் சூடு நல்லது. பிறகு அம்மியில் நொறுக்கித் தவிட்டோடு கலந்து வைப்பேன். முழு ஓடாகப் போடவே கூடாது. ருசி கண்ட கோழி தன் முட்டையையே கொத்த ஆரம்பித்துவிடும்.

அடுத்தது செடிக்கு. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் முட்டை ரசம் என்று ஒன்று போடுவார்கள். முழு முட்டைகளை எலுமிச்சைச் சாற்றில் மூழ்கவைத்துப் பத்து நாள் மூடிவைத்தால் ஓடு இளகிப் போகும். பிறகு பிசைந்து, சம அளவு வெல்லப்பாகு சேர்த்து இன்னும் பத்து நாள். அது உன் ஃபிளாட்டுக்கு ஆகாது, நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். நீ வெறும் ஓட்டில் செய். வறுத்து நொறுக்கிய ஓட்டை ஒரு பாட்டிலில் போட்டு, அதைப் போல பத்து மடங்கு வினிகர் ஊற்று. புசுபுசுவென்று நுரைக்கும், கரியமில வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கும், துணி கட்டிவை. நுரை அடங்கியதும் வடிகட்டி, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து ஊற்று. அதற்கு மேல் வேண்டாம்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது என்றாயே. கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாமல் இல்லை, ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குளிப்பாட்டுகிறாயே, அதனால்தான். முதலில் தண்ணீரைச் சீராக விடு.

நம் ஊர் மண்ணில் நான் ஓட்டுப் பொடியைத் தூவுவதில்லை. கடலோரத்துக் களிமண், உப்பு ஏறின மண், புளிப்பு கிடையாது. 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களுக்கு ஜிப்சம் போட்டது உனக்கு நினைவிருக்கும். களியைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்காரவேண்டும். ஜிப்சம் தண்ணீரிலேயே ஓரளவு கரைந்து அந்த வேலையைச் செய்யும், ஓட்டால் முடியாது. அதனால் மிச்ச ஓடெல்லாம் மண்புழுத் தொட்டிக்கு. மட்கும் கழிவில் புளிப்பு உண்டு, புழுவின் குடலில் அரைக்கவும் பொடி உதவும். உனக்குத் தோட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சமையலறைக் கழிவுக்கான அந்தத் தனித் தொட்டியில் நொறுக்கிப் போட்டால் அதுவும் உரமாகத்தான் போகிறது.

இனி ஊரார் சொல்வது. பல்லி வராமலிருக்க ஓட்டைச் சுவரில் மாட்டு என்பார்கள். நம் அடுப்படிப் பல்லி அதன் மேலேயே உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறது. மிக்ஸி ஜாரில் ஓட்டைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பார்கள். ஓடு எஃகைவிட எவ்வளவோ மெது, ஒட்டிப் பிடித்த பிசுக்குத்தான் போகும். நத்தைக்கு ஓட்டால் வேலி கட்டு என்பதை இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-இல் சோதித்துப் பார்த்தது, நத்தை அசரவில்லை. ஆனால் கை நுழையாத பாட்டிலைக் கழுவ ஓடு நிஜமாகவே நல்லது: நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கு.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பொடித்து நீயே சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சித்த மருத்துவத்தில் முட்டை ஓட்டுப் பற்பம் இருப்பது உண்மை. அது புடம் போட்டு, வைத்தியர் அளந்து கொடுப்பது. வீட்டு மிக்ஸிக்கு அந்த வித்தை தெரியாது. கால்சியம் வேண்டுமென்றால் நெத்திலிக் கருவாடு வாங்கு, அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும்.

உன் பால்கனித் தொட்டியில் என்ன மண் போட்டிருக்கிறாய்? பையில் வாங்கிய பீட் மண் என்றால் அது புளிப்பு, சுண்ணாம்பு கலக்காததாக இருந்தால் மாவாகப் பொடித்த ஓட்டைக் கொஞ்சம் கலக்கலாம். குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தால் தேவைக்கு மேல் சுண்ணாம்பு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் செய்யாதே. பை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லு. தையில் உன் அக்கா அங்கே வரும்போது முருங்கை விதையும் பாவற்காய் விதையும் கொடுத்துவிடலாமா, விமான நிலையத்தில் விடுவார்களா என்றும் விசாரித்து எழுது. விசாரிக்காமல் பெட்டியில் வைக்கமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள்.

அன்புடன்,
உன் சித்தி