சிவப்பெல்லாம் ரத்தமாகுமா?

வளைகாப்பு முடிந்து, மூத்த மகளைத் தாயில்பட்டிக்கு அழைத்து வந்திருந்தோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்றிருந்தது. 11-க்குக் குறையக்கூடாதாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்திலிருந்து என் மதினி வந்தாள். ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. கூடவே துணியில் சுற்றிய ஒரு பாட்டில். "வீட்டுலயே போட்ட வைன். சாராயமெல்லாம் கெடையாது, பழமும் சீனியும்தான். ராத்திரி கறிச்சோறு தின்னதும் அரை டம்ளர் குடி மருமகளே, பத்தே நாள்ல ரத்தம் ஊறிரும்" என்றாள். பாட்டிலின் நிறமும் ரத்தம் போலத்தான் இருந்தது. நானும் என் கையாலேயே இரண்டு ராத்திரி ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கிராம சுகாதார செவிலியர் வந்தபோது, பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் கோபப்படவில்லை. "பழமும் சீனியும் புளிச்சா வர்றதுதாம்மா சாராயம். யாரும் தனியா ஊத்த வேண்டாம்" என்றார்.

ஜாடிக்குள் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று அதைச் சாராயமாக்குகிறது. கடை வைனில் 100 மில்லிக்குச் சுமார் 12 மில்லி சாராயம் இருக்கும். வீட்டு வைனில் எவ்வளவு என்று அளக்க வழியே இல்லை. நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் அதைத் தயாரிப்பது குற்றமும்கூட. தாய் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். மூளை வளர்ச்சியையும் எடையையும் பாதிக்கலாம். கர்ப்பிணிக்கு 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது.

அப்படியானால் அந்தச் சிவப்பு? அது திராட்சைத் தோலின் சாயம். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால் இறங்குகிறது. நாசிக் பக்கம் விளையும் ஷிராஸ், கேபர்நே போன்ற திராட்சைகளில் செய்யும் அடர் சிவப்பு வைனில் துவர்ப்பும் அதிகம். கறியோடு சேர்ந்தால் துவர்ப்பு அடங்கும் என்றுதான் வெளிநாட்டார் அதை ஆட்டுக்கறியோடு குடிக்கிறார்கள். அது நாக்கு ருசிக்கான பொருத்தம், ரத்தத்துக்கு அல்ல. அந்தத் துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நம் டீயும் அப்படித்தான்!

ரத்தத்துக்கான பொருத்தத்தை அந்த நர்ஸம்மாதான் சொல்லிக் கொடுத்தார். முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சம்பழம் பிழிந்த ரசம். கேப்பைக் களியோடு கீரைக் குழம்பு. பாசிப்பயறுச் சுண்டலோடு ஒரு கொய்யாப்பழம். புளிப்புப் பழங்களில் உள்ள வைட்டமின் சி, இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும். காப்பி, டீ எல்லாம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான். அரசாங்கம் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கக்கூடாது. மாத்திரையால் மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

திராட்சையை ஒதுக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற பழம் அது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். ஆனால் அதில் இரும்பு சொற்பம். ருசிக்குத் தின்னலாம், மருந்தாக நம்பக்கூடாது.

மதினியிடம் எப்படிச் சொல்வது? பாசத்தோடு கொண்டு வந்தவள் ஆயிற்றே! போன் பண்ணி, "மதினி, பழம் தேனா இருக்கு. பாட்டில் மட்டும் வேண்டாம்னு நர்ஸம்மா சொல்லிட்டாக" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்குப் பிள்ளை உண்டாயிருந்தப்ப எங்க அத்தை இதைத்தானே தந்தாக..." என்றாள். யாரைக் குறை சொல்ல?

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்ததில் 10.8. பேரன் 2 கிலோ 800 கிராமில் பிறந்தான். என்றாலும் அந்த இரண்டு ராத்திரியை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. சகோதரிகளே, பிள்ளைத்தாய்ச்சிக்கு யார் எதைப் பாசத்தோடு கொண்டு வந்தாலும், கொடுப்பதற்கு முன்னால் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.