நாய் பின்னங்காலை இழுத்தால்...

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய ஃபிளாட்டுகளிலும் அடையாறு காந்தி நகர் பக்கமும் சாயங்காலம் நடந்து பாருங்கள். இரண்டு வகை நாய்கள் கண்ணில் படும். ஒன்று, குட்டைக் காலும் நீள உடம்புமாக ரயில் பெட்டி போல வரும் டாஷண்ட். இன்னொன்று, 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போய்ப் புகழ்பெற்ற பக். சின்ன வீட்டுக்குத் தோதான நாய் என்று வாங்குகிறார்கள். இரண்டுக்கும் முதுகுதான் வில்லங்கம் என்று விற்பவர் சொல்வதில்லை!

டாஷண்டுக்குக் குட்டைக் காலைத் தரும் அதே வகை மரபணு மாற்றம்தான் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கையும் கெடுக்கிறது. 12-வது குரோமோசோமில் அதற்குக் காரணமான துண்டை 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஜெல்லி மாதிரி இருக்க வேண்டிய டிஸ்க், ஒரு வயதுக்குள்ளேயே சுண்ணாம்புக் கட்டி போல இறுகத் தொடங்கும். பிறகு ஒரு நாள் சோஃபாவிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தில் இடிக்கும். பக் நாய்க்குக் கதை வேறு. பிறவியிலேயே சில முதுகெலும்புகள் ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். பலவற்றுக்கு அதனால் தொந்தரவே வராது. சிலவற்றுக்கு நடை மெல்ல மெல்லத் தள்ளாடும்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நாய் நொண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. மாடிப்படி ஏறத் தயங்கும். தூக்கினால் கத்தும். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மூலையில் நிற்கும். கழுத்தில் கோளாறு என்றால் தலையைத் தாழ்த்தியே வைத்திருக்கும், தரையில் உள்ள சாப்பாட்டுத் தட்டுக்குக் குனியாது. "வயிற்று வலி போலிருக்கு" என்று ஓம வாட்டர் கொடுத்துவிட்டு இரண்டு நாள் போக்குகிறவர்களும் உண்டு. மொசைக் தரையில் நகம் சர்ர்க் சர்ர்க் என்று உரசும் சத்தம் கேட்டால் அது முக்கியமான தடயம். வயதான ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வலியே இல்லாமல், மாதக்கணக்கில் வளரும் தண்டுவடச் சிதைவு நோயும் அப்படித்தான் தொடங்கும். பின்னங்கால் நடுவிரல் நகங்கள் மட்டும் தேய்ந்திருக்கும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு, பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் உடனே திருப்பிக்கொள்ளும். தண்டுவடத்தில் கோளாறு இருந்தால் அப்படியே விட்டுவிடும், தன் கால் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. கத்துகிற நாயிடம், விபத்தில் அடிபட்ட நாயிடம் இதையெல்லாம் செய்யாதீர்கள்.

இனி மருத்துவர் வேலை. அது கிட்டத்தட்ட துப்பறியும் கதைதான். நான்கு கால்களும் தள்ளாடினால் சந்தேகம் கழுத்தின் மேல். முன்னங்கால் நன்றாக இருந்து பின்னங்கால் மட்டும் என்றால் தோள்பட்டைக்குப் பின்னால். பின்னங்கால் விறைப்பாக, முழங்காலில் தட்டினால் உதைத்தால் நடு முதுகு. துவண்டு, தட்டியும் அசையாமல், வாலும் தொங்கினால் இடுப்புப் பக்கம். பிறகு முதுகின் இருபுறமும் தோலைப் பின்னாலிருந்து முன்னால் கிள்ளிக்கொண்டே வருவார்கள். தோல் எந்த இடத்திலிருந்து துடிக்கத் தொடங்குகிறதோ, பழுது அதற்குச் சற்று முன்னால். ஸ்கேனுக்கு முன்பே வெறும் கையால் இவ்வளவு!

எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விரலைக் கிள்ளினால் நாய் காலை இழுத்துக்கொள்கிறது. "உணர்ச்சி இருக்கு சார், சரியாயிடும்!" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். கிடையாது. காலை இழுப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். மூளைக்குச் சேதி போகாமலேயே அது நடக்கும். வலி மேலே போய்ச் சேர்ந்தால் நாய் திரும்பிப் பார்க்கும், முனகும், கடிக்க வரும். ஆகவே காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும். டிஸ்க் பிதுங்கிய நாய்க்கு இந்த ஆழ்ந்த வலியுணர்வு மிச்சமிருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிகப் பெரும்பாலானவை நடக்கின்றன. அது போய்விட்டால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எனவே "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது இங்கே விலை அதிகமான வார்த்தை.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. முறிவு, எலும்பு விலகல், டிஸ்க்கில் நோய்த்தொற்று இவற்றுக்கு அது உதவும். தண்டுவடத்தைச் சுற்றி மருந்து செலுத்தி எடுக்கும் மைலோகிராம் பழைய வழி. சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ இப்போதைய வழி. மனிதரைப் போல அசையாமல் படு என்றால் நாய் கேட்குமா? எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து கட்டாயம். செலவு கையைக் கடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தென்சென்னைக்காரர்கள் பலர் கடைசியில் போய் நிற்பது வேப்பேரியில். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு அங்கே போன சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது.

பூனை விஷயம் தனி. டிஸ்க் கோளாறு அதற்கு அபூர்வம். இளம் பூனை என்றால் எஃப்ஐபி என்ற வைரஸ் நோய், இல்லையென்றால் புற்றுநோய், பால்கனியிலிருந்து விழுந்த அடி என்று யோசிக்க வேண்டும். அதைவிட முக்கியம், தண்டுவட நோய் போலவே வேஷம் போடும் ஒன்று. பூனை திடீரென்று அலறி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். தொட்டால் பாதம் ஜில்லென்று இருக்கும், அடிப்பாதம் வெளுத்திருக்கும், தொடையில் நாடி கிடைக்காது. அது முதுகல்ல, இதயம். ரத்தக் கட்டி போய்ப் பின்னங்காலுக்கான குழாயை அடைத்திருக்கிறது. இங்கே ஒரு மணி நேரம்கூடப் பெரிது.

தெருநாய்க்கும் ஓர் எச்சரிக்கை. தி.நகரில் ஒரு தெருநாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு போனால் ஆட்டோ இடித்திருக்கலாம், டிஸ்டெம்பராக இருக்கலாம். ஆனால் தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரல் மாறியிருந்தால் ரேபிஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெறிநாய் என்றால் துரத்தித்தான் கடிக்கும் என்பதில்லை, வாதமாகப் படுத்துவிடும் வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கை விடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். நாய்க்கு புளூ கிராஸ் போன்ற அமைப்பைக் கூப்பிடலாம்.

வீட்டு நாயைத் தூக்கிப்போகும்போது கக்கத்தில் இடுக்காமல், கோலப் பலகையோ கேரம் போர்டோ, தட்டையான ஏதாவது ஒன்றில் படுக்க வைத்துத் துணியால் கட்டிக் கொண்டுபோங்கள். நம் டப்பாவிலிருக்கும் வலி மாத்திரை வேண்டாம். பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். கடைசியாகச் சிறுநீர் போனதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பை நிரம்பி வழிகிறது என்றுதான் அர்த்தம். மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கையால் அழுத்தி வெளியேற்றும் முறையை அவரே காட்டிக்கொடுப்பார்.