வாத்து வந்துடுச்சா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சுங்குவார்சத்திரத்தில் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸே கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விளக்கு மட்டும் பனிக்குள் மிதந்து வரும். ஏரிப் பக்கம் போனால் பனி இன்னும் அடர்த்தி. நமக்கு இருபது டிகிரிக்கே குரங்கு குல்லாய் வேண்டும். சைபீரியாக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஏரிகளே உறைந்து கிடக்கும் காலம் இது.

அதற்குத் தப்பித்துத்தான் வாத்துகள் இங்கே வருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் தண்ணீரில் மேய்ந்து பிழைப்பவை. தண்ணீர் உறைந்தால் சாப்பாடு கிடையாது. நீலச்சிறகி பெரும்பாலும் அரைக் கிலோகூடத் தேறாது. அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, நம் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பி வைத்திருக்கிற நேரம் பார்த்து வந்து இறங்குகிறது.

ஏரியில் நிற்பதையெல்லாம் 'வெளிநாட்டுப் பறவை' என்று படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நத்தைகுத்தி நாரை நம்ம ஊர்க்காரர்தான். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும், பாருங்கள்.

என் மாமனாருக்கு எண்பது நெருங்குகிறது. முட்டிவலியால் கரை ஏற முடியவில்லை. நான் நடந்துவிட்டு வந்ததும் வாசலிலேயே கேட்பார்.

"ஏம்மா, வாத்து வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா."

"தண்ணி மதகுல எந்த அளவுக்கு நிக்குது?"

பறவையைக் கேட்கிறாரா, தண்ணீரைக் கேட்கிறாரா என்று கல்யாணமான புதிதில் எனக்குப் புரியாது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆயக்கட்டில் ஒன்றரை ஏக்கர் நெல் போட்டவர். மழைக்கு முன்னால் வரத்துக்கால்வாய் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டுமாம். அந்த நிலம் இப்போது மனைப்பிரிவு. நாங்கள் இருக்கும் வீடு அந்தப் பணத்தில் கட்டியது. என் கணவருக்குச் சோறு போடுவதும் கம்பெனிதான். அதனால் தொழிற்சாலைகளைத் திட்ட எனக்கு வாய் வராது.

வேடந்தாங்கல் கதையை மாமாதான் சொன்னார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். சரணாலயம் என்று ஆனதெல்லாம் 1936-ல். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். ஜீவகாருண்யம் கொஞ்சம், விளைச்சல் நிறைய!

எங்கள் ஏரித் தண்ணீரை எதிர்பார்க்கிற வயல்களை இப்போது விரல்விட்டு எண்ணலாம். மழை கொட்டினால்தான் ஏரி ஞாபகமே வருகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி என்று சென்னையே விசாரிக்கிறது. அதற்கு மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

போன தை மாதம் கரையோரம் யாரோ ஒரு லாரி கட்டடக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். "நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் பஞ்சாயத்துல சொல்லும்மா" என்றார் மாமா. யார் அந்த நாலு பேர்? எங்கள் தெருவில் முக்கால்வாசி வாடகைக்காரர்கள். தருமபுரி, மதுரை, ஒடிசா, பீகார். இரண்டு வருடத்தில் வேறு கம்பெனி, வேறு ஊர். அவர்களுக்கு இந்த ஏரி என்ன?

நைட் ஷிஃப்ட் முடித்துக் கரையில் நின்றிருந்த ஹாஸ்டல் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். கூந்தன்குளம் பக்கமாம். "எங்கூர்ல இதுகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போட மாட்டோம்க்கா" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "நானும் வாரேன்க்கா. ஒரு மணிக்குள்ள விட்டுருங்க, தூங்கணும்" என்றாள்.

நாலு பேர் சேரவில்லை. அவள், நான், டீக்கடை அண்ணன், மூன்று பேர்தான் போனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். லாரி அப்புறம் வரவில்லை. கொட்டியது அப்படியே கிடக்கிறது. இந்த மார்கழியில் அந்தக் கல் மேட்டின்மேல் ஓர் ஆட்காட்டிக் குருவி நின்றுகொண்டு, யார் அந்தப் பக்கம் போனாலும் கத்தித் தீர்க்கிறது.