மீட்டர் பொய் சொல்லுமா?

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு கிருகப்பிரவேசம். சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக மகன் காரில் போனோம். முன் சீட்டில் நான். வழக்கம்போல என் கண் ஸ்பீடாமீட்டர் மேல்தான். மாம்பாக்கம் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. முள் 80-ஐத் தொட்டதும், "மெதுவாப் போப்பா, எண்பதாச்சு" என்றேன்.

பின் சீட்டிலிருந்து பேரன், "இல்ல தாத்தா, எழுபத்தஞ்சுதான்" என்று செல்போனை நீட்டினான். சாட்டிலைட் கணக்குப்படி 75. திரும்பி வரும்போதும் பார்த்தோம். மீட்டரில் 60, போனில் 56.

"அப்ப கார் மீட்டர் பொய் சொல்லுதா தாத்தா?"

இதே கேள்வியை நானே ஒருவரிடம் வேறு தொனியில் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பேரனுக்குச் சொன்ன பதில்.

வேகம் காட்டும் முள் கொஞ்சம் கூட்டியே காட்டும்படிதான் செய்யப்படுகிறது. பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 என்று ஒன்று உண்டு. உண்மை வேகத்தைவிட முள் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு எல்லை, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும், அதற்கு மேல் 4 கிலோமீட்டரும். அதாவது வண்டி நிஜமாக 80-ல் போனால் முள் 80-க்கும் 92-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் குற்றமில்லை. டயர் புதிது, டயர் தேய்ந்தது, காற்று குறைவு என்று ஆயிரம் இருக்கிறது. எதனாலும் முள் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்று தயாரிப்பவர்கள் கொஞ்சம் மேலேயே வைத்துவிடுகிறார்கள்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்கள் வேறு. அதில் இப்படிக் கூட்டி வைப்பது வழக்கமில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மீட்டர் ரோட்டை அளப்பதில்லை; சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனியில் வைத்த கணக்கு, அந்த அளவு டயர் இருக்கும்வரைதான் செல்லும்.

ஆட்டோ மீட்டருக்கு எடையளவுச் சட்டப்படி பரிசோதனை உண்டு, முத்திரை உண்டு. (மீட்டர் போட்டு ஓட்டுகிறார்களா என்று கேட்காதீர்கள்!) நம் சொந்தக் காரின் மீட்டருக்கு அப்படி வருஷா வருஷம் யாரும் முத்திரை வைப்பதில்லை.

பழைய வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வரும். அது ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் மூடியிருக்கும் உலோகக் கிண்ணம் அந்தச் சுழற்சியில் இழுபட்டுத் திரும்பப் பார்க்கும், ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். அந்த இழுபறிதான் முள். 1902-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸே. புதுச்சேரியில் எனக்குப் பாடம் எடுத்த பிரெஞ்சு வாத்தியாராக இருந்தால் அதை பிரெஞ்சுக் கண்டுபிடிப்பு என்றே சொல்லியிருப்பார். அந்த வருஷம் அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது.

அவரிடம்தான் 'மீட்டர்' என்ற சொல்லையே பயபக்தியோடு கற்றேன். துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு. அதற்காக தெலாம்ப்ரும் மெஷேனும் 1792-ல் தொடங்கி டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆறேழு வருஷம் அலைந்தார்கள். அப்படிக் கண்ட மீட்டரும் ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு என்பதை அவர் சொல்லவில்லை. சிறுசேரிக்கு வந்த பிறகு லாம்ப்டனைப் பற்றிப் படித்தேன். 1802-ல் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து நம் பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை, சுமார் ஏழரை மைல், நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். 57 நாள் ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளும் என்று பக்கத்திலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே அளந்தார் மனிதர். தன் சங்கிலியையே சந்தேகப்பட்டவர்.

நான் சந்தேகப்படவில்லை.

எண்பதுகளில் புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் யு.டி.சி. ஆக இருந்தேன். ஜீப்பின் லாக் புக் என் மேஜைக்கு வரும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று அந்த வண்டிக்கு நிர்ணயம். ஒரு கட்டத்தில் அது 9.3 ஆக இறங்கியது. மூன்று மாதம் பார்த்தேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டருக்கு மேல் டீசல் அதிகம். டிரைவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். பெயரை எழுதவில்லை, அவர் பிள்ளைகள் இதைப் படிக்கலாம்.

கூப்பிட்டுக் கேட்டேன். "சார், டயர் மாத்துனதுலேருந்து மீட்டர் கம்மியா ஓடுது. முன்னாடி எல்லாம் காரைக்கால் போய் வந்தா 270 காட்டும். இப்ப 252தான் காட்டுது. ஊர் என்ன கிட்ட வந்துடுச்சா?" என்றார்.

"மீட்டர் பொய் சொல்லுமா? பொய் சொல்றது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

270, 252 இரண்டும் என் முன்னால் இருந்த அதே லாக் புக்கில் என் இனிஷியலோடு இருந்தன. புரட்டிப் பார்க்கவில்லை. அதிகச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று நோட் போட்டேன். மாதம் 35 ரூபாய் பிடித்தார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை.

வண்டி பெரிய ரிப்பேருக்குப் போய் வந்தபோது பழைய அளவு டயரே போட்டார்கள். கணக்கு மறுபடி பத்துக்கு ஏறியது. பயத்தில் ஆள் திருந்திவிட்டார் என்று சூப்பரின்டென்டென்டிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் எங்கள் ஜீப்பும் இன்னொரு ஜீப்பும் ஒன்றாகக் காரைக்கால் போய் வந்தன. ஒரே நாள், ஒரே வழி. ஒரு லாக் புக்கில் 271, மற்றதில் 253. விசாரித்தேன். எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பெரிய டயர்களை அந்த ஜீப்பில் மாட்டியிருந்தார்கள்! காகிதத்தில் கணக்குப் போட்டேன். 28 அங்குல டயர் இருந்த இடத்தில் 30 அங்குலம். ஒரு கிலோமீட்டருக்கு 448 சுற்று சுற்ற வேண்டிய சக்கரம் 418 சுற்றிலேயே போய்விடும். மீட்டருக்கு அது 930 மீட்டர்தான்.

ரெக்கார்டு ரூமில் பழைய லாக் புக்கை எடுத்து, பிடித்த பணத்தைத் திருப்பித் தரலாம் என்று நோட் வைத்தேன். "பழைய விவகாரம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று திரும்பி வந்தது. அதற்குள் அவர் ரிட்டையர் ஆகியிருந்தார். நானும் அதற்கு மேல் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முத்தியால்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். எட்டு மாதத்துக்கு 280 ரூபாய் கவரில் வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே குரல் கொடுத்து காப்பி வரவழைத்தார். கவரைப் பிரித்து எண்ணினார்.

"எட்டு மாசம் இல்ல சார், ஒம்போது. பொங்கல் மாசத்துலயும் பிடிச்சீங்க."

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதுதான்.