காப்பும் ஈடும்

சென்ற ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் நம் பழைய மாணவர் ஒருவர் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தார். இளங்கலைத் தமிழ் முடித்துத் தந்தையின் கட்டட கான்ட்ராக்டை ஏற்றவர். மந்தைவெளியில் அடுக்ககம் எழுப்ப அஸ்திவாரம் தோண்டியபோது பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்துவிட்டதாம். அவ்வீட்டு முதியவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

"பிரீமியம் கட்டியிருக்கிறேன் ஐயா. கம்பெனி வக்கீல் வைத்து வாதாடும் அல்லவா?" என்று பாலிசியை நீட்டினார். கல்வெட்டைப் படிப்பதுபோல் அந்தப் பொடி எழுத்தைப் படித்தோம்.

பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கு அதில் இடமுண்டு. ஆனால் அதிர்வாலோ, தாங்கிநின்ற மண் நீங்கியதாலோ நேர்ந்தது சேராது. தனியே கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். அவர் சேர்க்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வேறெதற்குத்தான் பாலிசி எடுப்பது? பிழையான வேலையைத் திருத்தும் செலவும் சேராது. அது நியாயமே. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மடிந்ததைக் கண்ட நகரம் இது.

வழக்கு வந்தால் நிறுவனம் 'விரும்பினால்' எதிர்வாதத்தை ஏற்று நடத்தலாம் என்றிருந்தது. அமெரிக்காவின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் அது விருப்பமன்று, கடமை. குற்றச்சாட்டு பாலிசியின் எல்லைக்குள் வரக்கூடுமெனில், அது பொய்யே ஆயினும், நிறுவனம் வக்கீல் வைத்தாக வேண்டும். இழப்பீடு தரும் கடமையினும் இது அகன்றது என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் வகுத்த நெறி. பிழையான கட்டுமானம் 'விபத்து' ஆகுமா என்பதில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு வேறுபடும்.

காப்பீடு என்பதைக் காப்பு, ஈடு என்று பிரித்துப் பார்த்தோம். ('இடு' நீண்டு 'ஈடு' ஆயிற்று என்பதே இலக்கணம், தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.) ஈடு என்பது பணம். காப்பு என்பது உடன்நின்று பேசுதல். கோவலனுக்காகப் பேச ஆள் வந்தது, அவன் வெட்டுண்ட பிறகு.

"உன்மேல் தவறுண்டா?" என்று கேட்டோம்.

நெடுநேரம் பேசவில்லை. "ஒரு பக்கம் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தோம் ஐயா. மறுபக்கம் காலையில் கொடுக்கலாமென்று விட்டேன். இரவே மழை பிடித்துக்கொண்டது. போய் அந்தப் பெரியவரிடம் ஒப்புக்கொண்டுவிடவா?"

பாலிசியைப் புரட்டினோம். நிறுவனத்தின் இசைவின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளலாகாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அவருக்காகப் பேசக் கடமைப்படாத தாள், அவர் வாயை மட்டும் கட்டியிருந்தது.

சுவரைப் போய்ப் பார்ப்பதை எந்த ஷரத்தும் தடுக்கவில்லை என்றோம். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாமும் உடன் சென்றோம்.