தங்கம் நின்னாச்சு... ரயில் ஓடுது!

'கே.ஜி.எஃப்' என்றதும் தாடி வைத்த ஹீரோவும் காதைக் கிழிக்கும் பி.ஜி.எம்-மும் உங்க மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சா... கொஞ்சம் நிறுத்துங்க மக்களே! 2018-லும் 2022-லும் வந்த அந்தப் படங்களில் பேர் மட்டும்தான் நிஜம், கதை முழுக்கக் கற்பனை. நிஜமான கோலார் தங்கவயலில் யாரும் மெஷின் கன்னோடு திரிவதில்லை. இருட்டு விலகும் முன்பே எழுந்து, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ரயில் பிடிக்க ஓடுகிறார்கள்.

என் கிளாஸ்மேட் ஒருத்தன் அந்த ஊர்க்காரன். ஹாஸ்டலில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் அவன் மட்டும் பல் விளக்கிக்கொண்டிருப்பான். "ரயில் டைம்டா, உடம்புல ஊறிப்போச்சு" என்பான். அந்த ஊரைப் பார்க்கணும் என்று செமஸ்டர் லீவில் இரண்டு நாள் அவன் வீட்டில் டேரா போட்டேன்.

பெங்களூரு ரயிலில் ஏறி ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டி பங்காரப்பேட்டையில் இறங்கணும். அங்கிருந்து ஒரு குட்டி கிளை லைன். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன்கள். மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிகிறது. சுரங்கத்துக்காகவே 1894-ல் போட்ட பாதை அது. கர்நாடகாவில்தான் இருக்கிறோம், போர்டெல்லாம் கன்னடம். ஆனால், டீக்கடையில் காதைத் தீட்டினால் நம்ம தமிழ்தான். வட ஆற்காடு பக்கமிருந்து போன குடும்பங்கள் அதிகம். ஊரில் பஞ்சமும் ஒடுக்குமுறையும் துரத்த, கூலி கிடைக்குதே என்று போன தலித் மக்கள்தான் அந்தப் பாதாளத்தில் பெரும்பாலும் இறங்கியவர்கள். ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இந்த மண்ணை வைத்து எழுதிய கதைதான்.

நான் ட்ரிபிள்-ஈ ஸ்டூடன்ட். அதனால் எனக்கு இந்த ஊரில் முதல் ஹீரோ தங்கம் இல்லை, கரன்ட்! காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் தயாரித்த மின்சாரத்தை 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902-ல் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் உலக அளவிலேயே இது மிக நீளமான லைன்களில் ஒன்று. பெங்களூரு தெருவிளக்குக்கு 1905 வரை காத்திருக்கணும். அதாவது, தலைநகரம் இருட்டில் இருந்தபோது கூலிக்காரர்கள் இறங்கும் சுரங்கம் மின்சாரத்தில் ஓடியது. 'ஆசியாவில் இரண்டாவது, ஜப்பானுக்கு அடுத்து நாங்கதான்' என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அந்த ரேங்க் கார்டை விட்டுருவோம். அந்த 147 கிலோமீட்டரே போதும், மேட்டர் செம!

வெளிச்சம் யாருக்காக வந்தது என்பது வேற விஷயம். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்ததும் ஊருக்குச் சூடு பிடித்தது. கிளப், கோல்ஃப் மைதானம், தோட்டம் வைத்த பங்களா என்று துரைமார்கள் 'குட்டி இங்கிலாந்து' ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். நம்ம ஆட்களுக்கு லைன் வீடு. ஆரம்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகள்தான், பிறகு கல்லும் ஓடும். குடிதண்ணீர் பாலாற்றில் கட்டிய பேத்தமங்கலா ஏரியிலிருந்து. ஆமாம், நம்ம வேலூருக்கு மணலாக மட்டும் வந்து சேரும் அதே பாலாறு.

நண்பனின் தாத்தா கீழே வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அப்பாவும் கடைசி சில வருஷங்கள் இறங்கியிருக்கிறார். "கூண்டு இறங்கும்போது காது அடைச்சிக்கும் தம்பி. அப்புறம் வேர்க்க ஆரம்பிக்கும், மேலே வர்ற வரைக்கும் நிக்காது" என்றார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே பிளான்ட் வைத்து, குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளினால்தான் மனுஷன் நிற்க முடியும். பாறையைக் குடைந்துகொண்டே போனால் மேலே உள்ள எடை மிச்சப் பாறையை அழுத்தும். ஒரு கட்டத்தில் அது குண்டு மாதிரி வெடிக்கும். இதுதான் 'ராக் பர்ஸ்ட்'. இதில் உயிரை விட்டவர்கள் நிறைய. தப்பித்தவர்களில் பலரின் நுரையீரலில் சிலிக்கா தூசு. வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் மாலை போட்ட போட்டோக்களில் நரை விழாத முகங்களை நான் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஃபிஸிக்ஸ் ஆட்களுக்கு ஒரு போனஸ். 1965-ல் இதே சுரங்கத்தின் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அதே வருஷம் இன்னொரு குழு பிடித்தது. ரெண்டுமே உலகத்திலேயே முதன்முறை. நம்ம சிலபஸில் இதுக்கு ஒரு டூ மார்க் கொஸ்டின்கூடக் கிடையாது.

இவ்வளவு பெரிய ஊர் எப்படிக் கவிழ்ந்தது? ஒரே நாளில் இல்லை. ஆரம்ப வருஷங்களில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது மூணு, நாலு கிராம். கிடைப்பது குறையக் குறைய ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் தண்ணீர் இறைக்க, காற்றைக் குளிர வைக்க, ஆளை இறக்கி ஏற்ற எல்லாத்துக்கும் செலவு கூடுகிறது. 1956-ல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது, பிறகு மத்திய அரசுக்குப் போய், 1972-ல் 'பாரத் கோல்டு மைன்ஸ்' ஆனது. ஒரு காலத்தில் 30,000 பேர் வரை வேலை பார்த்த இடத்தில், ரிட்டயர் ஆனவரின் இடத்துக்குப் புது ஆள் வருவது நின்றது. 1992-ல் நலிந்த கம்பெனி என்று முத்திரை. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு கதவு சாத்தியாச்சு. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் கொடுத்த ஊர்!

இதில் எனக்கு ஜீரணிக்க முடியாத ஒண்ணு இருக்கு. மூடிய சமயத்தில் தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. 2011-ல் அது 1,900 டாலரைத் தொட்டது. 2025-ல் 4,000-ஐத் தாண்டியது. 'அப்ப மூடாம இருந்திருந்தா?' என்று ஊரே இன்னும் கணக்குப் போடுகிறது. ஆனால், பம்ப் நின்ற அன்றே தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. மூணு கிலோமீட்டர் பாதாளத்தில் நிறைந்த தண்ணீரை யார் இறைப்பது? மெஷின் ஆஃப் பண்ணி ஆன் பண்ற விஷயமா இது?

மிச்சமிருப்பது சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. தூரத்திலிருந்து பார்த்தால் பாலைவனம் மாதிரி அழகு. சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வருகிறார்கள், பசங்க செல்ஃபிக்கு வருகிறார்கள். நானும் ஏறினேன், காற்று ஒரு சுழற்று சுழற்றியது... பல்லிடுக்கில் நறநற. அடிவாரத்து வீடுகளில் காயப்போட்ட துணி மேலேயும் சோத்துப்பானை மேலேயும் இதுதான் வந்து உட்காருகிறது.

சரி, ஜனங்க எங்கே போனாங்க? எங்கேயும் போகலை, தினமும் போய்ட்டு வர்றாங்க! பெங்களூரு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஒரு நாள் நானும் காலை ரயிலில் ஏறினேன். மாரிக்குப்பத்திலேயே ஜன்னல் சீட் காலி. எலக்ட்ரீஷியன், செக்யூரிட்டி, துணிக்கடை சேல்ஸ் கேர்ள், நர்ஸ், ஐ.டி. கார்டு தொங்கும் பசங்க என்று எல்லாரும் ஒரே பெட்டியில். ஒரு மூலையில் சீட்டுக்கச்சேரி, ஒரு மூலையில் பஜனை, நடுவில் பூ கட்டும் அக்கா. ஒரு அம்மா பெண்ணுக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் ஒயிட்ஃபீல்டு வந்துவிட்டது. போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. பெமல் மாதிரி அரசு ஃபேக்டரி உள்ளூரில் இருக்கிறதுதான். ஆனால், மொத்த ஊருக்கும் வேலை கொடுக்கிற அளவுக்கு அது சுரங்கம் இல்லையே.

பெங்களூருவில் ரூம் எடுத்துத் தங்கலாமே என்று கேட்டேன். "வாடகையைக் குடுத்துட்டு வீட்டுக்கு என்னத்தை அனுப்புறது?" என்றார் பக்கத்து சீட் அண்ணன். இன்னொரு காரணமும் உண்டு. லைன் வீட்டுக்கு உரிமை, பழைய நிலுவைத் தொகை என்று தீராத பேச்சுகள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அந்தப் பேச்சில் நம்ம பேர் விட்டுப்போய்விடுமோ என்ற பயம். ஓ.எம்.ஆர். பக்கம் ஆட்குறைப்பு செய்தி வரும்போதெல்லாம் எங்க கேன்டீனில் ஒரு வாரம் சிரிப்பு குறையும். இங்கே அந்த ஒரு வாரம் இருபது வருஷத்துக்கு மேல் நீண்டுகிடக்கிறது.

புதுசாக ஒரு நம்பிக்கையும் கிளம்பியிருக்கு. 2024-ல் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கர் சொச்சத்தில் கிடக்கும் 13 கழிவு மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூசு போகும், தங்கம் வரும், நல்லதுதான். ஆனால், மேட்டை வாரி மெஷினில் போட எத்தனை ஆள் வேணும்? பொக்லைனும் லாரியும்தான் அதிகம் வேணும் என்பது என் எஞ்சினீயரிங் மூளைக்குத் தெரிந்தவரை. அப்பாவிடம் கேட்டால், "வரட்டும் தம்பி, பார்ப்போம்" என்று பேப்பரை மடித்து வைத்தார்.

நண்பனின் தங்கை பி.யூ.சி. ரெண்டாம் வருஷம். ராத்திரி சாப்பாட்டின்போது என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, ஈ.சி.இ. எடுக்கட்டுமா, கம்ப்யூட்டர் எடுக்கட்டுமா? இங்க மைனிங் கோர்ஸும் இருக்கு. எதுல பிளேஸ்மென்ட் நல்லா இருக்கும்?"

நான் ரொம்ப விவரமாக ஆரம்பிப்பதற்குள், அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே முடித்துவிட்டார்.

"எதை வேணா எடும்மா. காலேஜ் மட்டும் ரயில் போற பக்கமா இருக்கட்டும்."